எக்ஸ்எம்எல் தரவுத்தளத்தை வேகமாக வினவுவதும் சரியாக அமைப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நூலகப் பட்டியல், சுவடி விவரணை, அகராதி என்று எக்ஸ்எம்எல் வடிவில் (தரவின் ஒவ்வொரு பகுதியையும் பெயரிட்ட டேக்குகளுக்குள் இட்டு எழுதும் முறை) தரவு வைத்திருக்கும் சிறு குழுக்களுக்குச் சில ஆண்டுகளாக உதவி வருகிறேன். கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை என்பதால், அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். விடைகள் முதன்மையாகப் பேஸ்எக்ஸ் என்னும் தரவுத்தளத்தைப் பற்றியவை. ஜெர்மனியின் கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியான் க்ரூன் 2005இல் தொடங்கிய இது, 2007 முதல் பிஎஸ்டி உரிமத்தில் திறந்த மூல நிரலாகக் கிடைக்கிறது, ஜாவாவில் எழுதப்பட்டது.

எடுத்துக்காட்டுகள் அனைத்துக்கும் ஒரே அமைப்பைப் பயன்படுத்தியிருக்கிறேன். `நூல்கள்` என்ற வேர் உறுப்புக்குள் பல `நூல்` உறுப்புகள். ஒவ்வொரு நூலுக்கும் `எண்` என்ற பண்புக்கூறு. உள்ளே `தலைப்பு`, `ஆசிரியர்`, `ஆண்டு`, `குறிப்பு`. கட்டளைகளையும் அமைப்புப் பெயர்களையும் ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டச்சிடும்போது அவற்றின் ஆங்கில வடிவத்தையே இட வேண்டும்.

எங்களிடம் ஏற்கெனவே மைஎஸ்க்யூஎல் என்னும் அட்டவணைத் தரவுத்தளம் இருக்கிறது. எக்ஸ்எம்எல்லுக்கென்று தனியாக ஒன்று எதற்கு?

உங்கள் தரவு வரிசையும் நெடுவரிசையுமாக ஒழுங்காக அடங்கிவிடுகிறது என்றால் தேவையே இல்லை. ஒரு நூலுக்கு ஓர் ஆசிரியர், இன்னொன்றுக்கு மூவர், வேறொன்றுக்குப் பதிப்பாசிரியர் மட்டும் என்று வரும்போதும், குறிப்பு என்னும் பத்தியின் நடுவே ஊர்ப்பெயருக்கும் ஆள்பெயருக்கும் டேக் இட்டிருக்கும்போதும்தான் சிக்கல் தொடங்குகிறது. அதை அட்டவணைகளாகப் பிரித்தால் பத்துப் பன்னிரண்டு அட்டவணைகள் ஆகும்; ஒவ்வொரு கேள்விக்கும் அவற்றைத் திரும்ப ஒட்ட வேண்டியிருக்கும். உரையும் டேக்கும் கலந்து கிடக்கிற தரவை அதன் வடிவம் குலையாமல் வைத்துக் கேள்வி கேட்பதற்காகவே எக்ஸ்எம்எல் தரவுத்தளங்கள் இருக்கின்றன.

கோப்பை அப்படியே வட்டில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து படிக்குமா?

படிக்காது. ஏற்றும்போதே கோப்பு பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கணுவும் 16 பைட் கொண்ட ஒரு வரிசையாக ஓர் அட்டவணையில் பதிவாகிறது. உறுப்பு, பண்புக்கூறு, உரைத்துண்டு எல்லாமே இந்தக் கணக்கில் கணுக்கள்தாம். ஆவணத்தில் அந்தக் கணு எத்தனையாவதாக வருகிறது, அதன் பெற்றோர் எவ்வளவு முன்னால் இருக்கிறது, அதற்குள் எத்தனை கணுக்கள் அடங்கியுள்ளன என்னும் மூன்று செய்திகளும் இருந்தால் மரத்தின் எந்தத் திசையிலும் கணக்குப்போட்டே நகர முடியும். "இந்த நூலுக்குள் இருப்பவை எல்லாம்" என்று கேட்டால், அட்டவணையில் அடுத்தடுத்துக் கிடக்கும் ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தால் போதும்.

இதற்கு ஒரு விலை உண்டு. நடுவில் ஒன்றைச் செருகினால் பின்னால் வருகிறவற்றின் வரிசை எண்கள் தள்ளிப்போகும். ஆகவே அந்த எண்ணை உங்கள் இணையப் பயன்பாட்டில் நிரந்தர அடையாளமாகச் சேமித்து வைக்காதீர்கள். அதற்கென்று `எண்` போன்ற ஒரு பண்புக்கூறை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே பெரிய கோப்பாக ஏற்றலாமா, நூலுக்கு ஒரு கோப்பு என்று பிரிக்கலாமா?

படிக்கும் வேகத்தில் பெரிய வேறுபாடு தெரியாது. வேறுபாடு திருத்தும்போது தெரியும். நூலுக்கு ஓர் ஆவணம் என்று இருந்தால், திருத்திய ஒன்றை அதன் பாதையைச் சொல்லி மாற்றி வைத்துவிடலாம். எனவே அடிக்கடி மாறுகிற தரவென்றால் பிரித்து வைக்கவே பரிந்துரைக்கிறேன்.

கோப்புகளைப் பிரிப்பது வேறு, தரவுத்தளங்களைப் பிரிப்பது வேறு. ஒரு தரவுத்தளத்தில் ஏறத்தாழ 214 கோடி கணுக்கள் வரை அடங்கும் என்பதால் இடம் போதாமல் பிரிக்க வேண்டிய நிலை பெரும்பாலோருக்கு வராது. ஆனால் பழைய பதிவுகள் மாறாமலும் புதியவை நாள்தோறும் மாறியும் வந்தால், அவற்றை இரு தரவுத்தளங்களில் வைப்பது நல்லது. ஒரே வினவலில் இரண்டையும் தொட முடியும். பராமரிப்பு வேலை சிறியதன் மீது மட்டும் நடக்கும்.

டேக் பெயர்களைத் தமிழிலேயே வைத்தால் வேலை செய்யுமா?

செய்யும். எக்ஸ்எம்எல் 1.0 தரநிலை 1998இல் வெளிவந்தபோதே உறுப்புப் பெயர்களில் தமிழ் எழுத்துகளுக்கு இடம் இருந்தது. `/நூல்கள்/நூல்[@எண் = '4512']/தலைப்பு` என்று எழுதினால் அப்படியே ஓடும். தரவுத்தளத்தின் பெயர் மட்டும் ஆஸ்கி எழுத்துகளில் (ஆங்கில எழுத்து, எண், சில குறிகள்) இருக்க வேண்டும். அங்கே தமிழ்ப் பெயர் இட்டால் பிழைச்செய்தி வரும்.

எந்தெந்த இண்டெக்ஸ் தானாகவே உருவாகும்? நாங்கள் எதைச் சொல்லி உருவாக்க வேண்டும்?

இண்டெக்ஸ் என்பது எந்த மதிப்பு எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே தொகுத்து வைத்த பட்டியல். உரைக்கான இண்டெக்ஸும் பண்புக்கூறு மதிப்புகளுக்கான இண்டெக்ஸும் தரவுத்தளத்தை உருவாக்கும்போதே தாமாக உருவாகும். உறுப்புப் பெயர்களும் பாதைகளும் பற்றிய புள்ளிவிவரமும் அப்போதே சேகரிக்கப்படும். ஒரு பண்புக்கூறில் இடைவெளியிட்டுப் பல சொற்கள் இருந்தால் அவற்றைத் தனித்தனியே தேட உதவும் டோக்கன் இண்டெக்ஸும், பத்திகளுக்குள் சொல் தேடுவதற்கான முழுவுரை இண்டெக்ஸும் கேட்டால்தான் உருவாகும். எல்லா உறுப்புகளுக்கும் முழுவுரை இண்டெக்ஸ் போட வேண்டியதில்லை. 'எஃப்டிஇன்க்ளூட்' என்ற அமைப்பில் `குறிப்பு` என்று மட்டும் கொடுத்தால் வட்டிலும் இடம் மிஞ்சும், உருவாக்கும் நேரமும் குறையும்.

பலர் கவனிக்காத ஓர் எல்லை 'மேக்ஸ்லென்'. அதன் இயல்பு மதிப்பு 96; அதைவிட நீளமான மதிப்புகள் உரை இண்டெக்ஸில் சேர்க்கப்படுவதில்லை. யூடிஎஃப்-8 குறிமுறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் எடுக்கும் என்பதையும், `கொ` போன்ற ஓர் எழுத்தே இரண்டு குறிகளாக எழுதப்படும் என்பதையும் நினைவில் வைத்து, நீண்ட தலைப்புகள் உள்ள பட்டியல் என்றால் இந்த மதிப்பை முன்னெச்சரிக்கையாக உயர்த்திவிட்டே தரவுத்தளத்தை உருவாக்குங்கள்.

வினவல் இண்டெக்ஸைப் பயன்படுத்தியதா இல்லையா என்று எங்கே பார்ப்பது?

இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு விடையைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். வரைகலை இடைமுகத்தில் 'குவெரி இன்ஃபோ' என்றொரு பலகம் உண்டு; கட்டளை வரியில் பெரிய எழுத்து 'வி' என்ற தெரிவைச் சேர்த்தால் அதே விவரம் வரும். உங்கள் வினவலை இயந்திரம் எப்படி மாற்றி எழுதிக்கொண்டது என்று அதில் படிப்படியாக இருக்கும். பண்புக்கூறு இண்டெக்ஸோ உரை இண்டெக்ஸோ பயன்படுத்தப்பட்டதாக ஒரு வரி தென்பட்டால் நல்லது. தென்படாவிட்டால், கணுக்கள் ஒவ்வொன்றாகத் துழாவப்படுகின்றன.

அங்கேயே பகுப்பு, தொகுப்பு (ஓடும் முன் வினவலை ஆயத்தமாக்குவது), மதிப்பீடு, அச்சீடு (விடையை வெளியே அனுப்புவது) ஆகியவற்றுக்கு ஆன நேரங்கள் தனித்தனியாக இருக்கும். "தேடல் மெதுவாக இருக்கிறது" என்று அழைத்த ஒரு குழுவில் மதிப்பீட்டுக்கு ஆன நேரம் கண்ணிமைப்பொழுதுதான். ஒவ்வொரு தேடலுக்கும் முழு நூல் பதிவுகளைக் குறிப்புகளோடு சேர்த்துத் திரைக்கு அனுப்பிக்கொண்டிருந்ததால் நேரமெல்லாம் அச்சீட்டிலேயே போய்க்கொண்டிருந்தது. அவர்கள் அதற்கு முன்பே கூடுதல் நினைவகம் வாங்கிப் பொருத்தியிருந்தார்கள்.

இண்டெக்ஸ் இருக்கிறது, ஆனாலும் வினவல் ஊர்கிறதே?

இண்டெக்ஸ் இருப்பது ஒன்று. அதைப் பயன்படுத்தலாம் என்று இயந்திரத்துக்குத் தெரிவது இன்னொன்று. நான் பார்த்தவரை அடிக்கடி நிகழும் தவறு, எண்ணாக ஒப்பிடுவது. `நூல்[ஆண்டு = 1968]` என்று மேற்கோள்குறி இல்லாமல் எழுதினால் அது எண் ஒப்பீடு. 1968 என்பதும் 1968.0 என்பதும் எண்ணாகச் சமம், எழுத்துத்தொடராகச் சமமல்ல. உரை இண்டெக்ஸ் எழுத்துத்தொடர்களை மட்டுமே அறியும் என்பதால் இயந்திரம் அதைத் தொடாமல் ஒதுங்கிக்கொள்ளும். `நூல்[ஆண்டு = '1968']` என்று எழுதினால் இண்டெக்ஸ் வேலை செய்யும். ஆண்டுகள் எல்லாம் நான்கு இலக்கமாகவே இருந்தால் `ஆண்டு >= '1950' and ஆண்டு <= '1969'` போன்ற வரம்புகளையும் எழுத்துத்தொடராகவே ஒப்பிடலாம்.

அடுத்தது, தரவின் பக்கம் ஒரு சார்பைப் போர்த்துவது. தலைப்பைச் சிற்றெழுத்தாக்கியோ, இடைவெளிகளைக் களைந்தோ, வேறு எப்படியோ மாற்றிவிட்டு ஒப்பிட்டால் இண்டெக்ஸில் இருக்கும் மதிப்பும் நீங்கள் ஒப்பிடும் மதிப்பும் வேறாகிவிடுகின்றன. தேடுசொல்லின் பக்கம் எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றலாம். தரவின் பக்கம் கைவைக்காதீர்கள். உள்ளே ஒரு சொல் இருக்கிறதா என்று பார்க்கும் 'கன்டெய்ன்ஸ்' சார்புக்கும் உரை இண்டெக்ஸ் உதவாது. அதற்கு முழுவுரைத் தேடல் இருக்கிறது. `தலைப்பு` உறுப்புக்குள் வேறு உறுப்புகள் கலந்திருந்தாலும் மாற்றியெழுதுவது நடக்காமல் போகலாம் என்பதால், அப்போது உரைக்கணுவையே நேரடியாகச் சுட்டி எழுதுங்கள்.

மூன்றாவது, எந்தத் தரவுத்தளம் என்பதே ஓடும்வரை தெரியாத வினவல். பெயர் ஒரு மாறியிலிருந்தோ சார்பின் உள்ளிருந்தோ வந்தால், தொகுக்கும் நேரத்தில் அந்தத் தரவுத்தளத்தில் இண்டெக்ஸ் இருக்கிறதா என்று இயந்திரத்தால் பார்க்க முடியாது. பெயரை நேராக எழுதுங்கள். முடியாவிட்டால் 'என்ஃபோர்ஸ்இண்டெக்ஸ்' என்ற குறிப்பை வினவலில் இட்டு, "இருக்கிறது, நம்பிப் பயன்படுத்து" என்று சொல்லலாம். அல்லது 'டிபி' தொகுதியில் உள்ள டெக்ஸ்ட், அட்ரிபியூட் சார்புகளை நேரடியாக அழைத்து இண்டெக்ஸிலிருந்தே தொடங்கலாம்.

இரட்டைச் சாய்கோடு போட்டால் மெதுவாகும் என்கிறார்களே?

கோப்பை நேரடியாகத் துழாவும் கருவிகளுக்கு அது உண்மை. இங்கே பாதைகளின் புள்ளிவிவரம் கையில் இருப்பதால், `//தலைப்பு` என்று எழுதினாலும் அந்த உறுப்பு `/நூல்கள்/நூல்/தலைப்பு` என்ற இடத்தில் மட்டுமே வருகிறது என்று தெரிந்தால் இயந்திரமே பாதையை அப்படி விரித்துக்கொள்ளும். எத்தனை நூல்கள் என்று எண்ணச் சொன்னால், எண்ணாமலேயே புள்ளிவிவரத்திலிருந்து விடை வரும். இவையெல்லாம் புள்ளிவிவரம் நடப்பில் இருக்கும்வரைதான். அது எப்போது பழையதாகிறது என்பது அடுத்த கேள்வி.

நேற்றுவரை பறந்தது. நாலைந்து பதிவைத் திருத்தியதும் படுத்துவிட்டது. தரவுத்தளம் கெட்டுப்போய்விட்டதா?

கெடவில்லை. இயல்பான அமைப்பில், ஒரே ஒரு பதிவைத் திருத்தினாலும் இண்டெக்ஸ்கள் காலாவதியானவை என்று குறிக்கப்பட்டு ஒதுக்கப்படுகின்றன. விடைகள் சரியாகவே வரும். ஆனால் துழாவித்தான் வரும். 'ஆப்டிமைஸ்' கட்டளையை ஓட்டினால் இண்டெக்ஸ்களும் புள்ளிவிவரமும் மறுபடி உருவாகிப் பழைய வேகம் திரும்பும். முதன்முதலில் இது எனக்கு நேர்ந்தபோது, சர்வரை மாற்ற வேண்டும் என்று பாதி நாளை வீணாக்கினேன்.

நாளில் ஒருமுறை மொத்தமாகத் திருத்துபவர் என்றால் இரவில் ஆப்டிமைஸ் ஓட்டினால் போதும். நாள் முழுதும் யாராவது திருத்திக்கொண்டே இருந்தால் 'அப்டின்டெக்ஸ்' என்ற அமைப்பை இயக்குங்கள். உரை, பண்புக்கூறு, டோக்கன் இண்டெக்ஸ்கள் ஒவ்வொரு திருத்தத்தோடும் உடனுக்குடன் புதுப்பிக்கப்படும். அமைப்பை மாற்றிவிட்டேன் என்று நிறுத்திவிடாதீர்கள்: ஏற்கெனவே இருக்கும் தரவுத்தளத்துக்கு அது தானாகப் பொருந்தாது, 'ஆப்டிமைஸ் ஆல்' என்று முழுமையாக மறுசீரமைக்க வேண்டும். முழுவுரை இண்டெக்ஸுக்கு இந்த வசதி கிடையாது. 'ஆட்டோஆப்டிமைஸ்' என்று இன்னொன்று உண்டு. அது ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் ஆப்டிமைஸை ஓட்டும் என்பதால் சிறிய தரவுத்தளத்துக்கு மட்டுமே ஏற்றது.

திருத்திவிட்டு அதே வினவலில் எண்ணிப் பார்த்தால் பழைய எண்ணிக்கையே வருகிறது. பிழையா?

பிழையன்று. இந்த வினவல்களை எழுதும் மொழியான எக்ஸ்குவெரியில் திருத்தங்களுக்கென்று உள்ள எக்ஸ்குவெரி அப்டேட் என்னும் தரநிலை (2011) அப்படித்தான் வகுத்திருக்கிறது. ஒரு வினவலுக்குள் நீங்கள் சொல்லும் திருத்தங்கள் உடனே நடப்பதில்லை. ஒரு நிலுவைப் பட்டியலில் சேர்ந்து, வினவல் முடியும்போது ஒட்டுமொத்தமாக நடைபெறுகின்றன. எண்ணிப் பார்ப்பதை அடுத்த வினவலில் செய்யுங்கள்.

இலட்சம் பதிவுகளை ஏற்றும்போது நினைவகம் நிரம்பி நின்றுவிடுகிறது. எக்ஸ்எம்எக்ஸ் எவ்வளவு வைக்க வேண்டும்?

எவ்வளவு என்று கேட்கும் முன் எப்படி ஏற்றுகிறீர்கள் என்று பாருங்கள். ஒரே வினவலில் இலட்சம் செருகல்களைச் சொன்னால், முந்தைய விடையில் சொன்ன நிலுவைப் பட்டியல் முழுவதும் நினைவகத்தில் காத்திருக்கும். கோப்புறையின் பாதையைக் கொடுத்து 'கிரியேட் டிபி' கட்டளையால் புதிதாக உருவாக்கினால், தரவு வரவர நேராக வட்டுக்குப் போகும். இதுவே மிக விரைவான வழி. இருக்கும் தரவுத்தளத்தில் ஒரு பெரிய கோப்பைச் சேர்ப்பதென்றால் 'ஆட்கேஷ்' அமைப்பை இயக்குங்கள்; சேர்க்கப்படும் ஆவணம் நினைவகத்தில் கட்டப்படுவதற்குப் பதிலாக முதலில் வட்டில் கட்டப்படும். சிறு சிறு கோப்புகளைத் தொடர்ந்து சேர்க்கும்போது 'ஆட்டோஃப்ளஷ்' என்பதை நிறுத்திவைத்து இறுதியில் ஒருமுறை 'ஃப்ளஷ்' கொடுத்தால் நேரம் நன்றாகக் குறையும். இடையில் மின்சாரம் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும் என்பதை ஏற்றுக்கொண்டு செய்யுங்கள்.

எக்ஸ்எம்எக்ஸ் என்பது ஜாவாவுக்கு நீங்கள் அனுமதிக்கும் நினைவக உச்சவரம்பு. தொடக்க ஸ்கிரிப்டில் இருக்கும். எதுவும் சொல்லாவிட்டால் ஜாவா வழக்கமாகக் கணினி நினைவகத்தில் கால்பங்கை எடுத்துக்கொள்ளும். தரவுத்தளம் முழுவதும் நினைவகத்தில் ஏற வேண்டியதில்லை என்பதால், தரவின் அளவைப் பார்த்து இதைத் தீர்மானிக்காதீர்கள். வட்டுக் கோப்புகளை இயங்குதளமும் தன் பங்குக்கு நினைவகத்தில் தேக்கி வைக்கிறது. எல்லாவற்றையும் ஜாவாவுக்கே கொடுத்துவிட்டால் அந்த உதவி போய்விடும்.

சில கோப்புகள் மட்டும் என்டிட்டி எல்லை மீறியது என்று சொல்லி ஏற மறுக்கின்றன.

அந்தக் கோப்பு டிடிடி (உறுப்புகளையும் குறுக்கங்களையும் வரையறுக்கும் பட்டியல்) ஒன்றைச் சார்ந்து, சிறப்பெழுத்துகளை என்டிட்டிகளாக, அதாவது பெயரிட்ட குறுக்கங்களாக, எழுதியிருக்கும். ஜாவாவின் எக்ஸ்எம்எல் பகுப்பி, பாதுகாப்புக் கருதி, ஒரு கோப்பில் எத்தனை என்டிட்டிகளை விரிக்கலாம் என்று எல்லை வைத்திருக்கிறது. நீண்ட காலமாக அது 64,000 ஆக இருந்தது. கணினியியல் ஆய்வுக்கட்டுரைகளின் பட்டியலான டிபிஎல்பி கோப்பை ஏற்ற முயல்பவர்கள் எல்லோரும் இந்தச் சுவரில் ஒருமுறை முட்டிக்கொள்வார்கள். நம்பத்தகுந்த கோப்பென்றால் ஜாவாவைத் தொடங்கும்போதே அந்த எல்லையை உயர்த்திக் கொடுங்கள். வெளியாட்கள் பதிவேற்றும் கோப்புகளுக்கு அந்தக் கதவைத் திறந்துவைக்காதீர்கள்.

ஏற்றிய பிறகு இரண்டு ஊர்ப்பெயர்கள் ஒட்டிக்கொண்டு வருகின்றன. நடுவில் இருந்த இடைவெளி எங்கே போனது?

`<ஊர்>மதுரை</ஊர்> <ஊர்>திருச்சி</ஊர்>` என்பதில் இரு டேக்குகளுக்கு நடுவே இருக்கும் வெற்றிடமும் ஓர் உரைக்கணுதான். பேஸ்எக்ஸின் 9ஆம் பதிப்பு வரை 'சாப்' என்ற அமைப்பு இயல்பாகவே இயங்கி, வெற்றிடம் மட்டுமே கொண்ட கணுக்களைக் களைந்துவிடும். 10ஆம் பதிப்பில் அதன் பெயர் 'ஸ்ட்ரிப்டபிள்யூஎஸ்' என்று மாறியதோடு இயல்பு நிலையும் தலைகீழானது: இப்போது கேட்டால்தான் களையும். பழைய பதிப்பில் ஏற்றிய தரவில் போன இடைவெளியைத் திரும்பப் பெற முடியாது. மூலக் கோப்பிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும். மறுபுறம், பட்டியல் போன்ற கலப்பில்லாத தரவுக்கு வெற்றிடத்தைக் களைவது கணுக்களின் எண்ணிக்கையை வெகுவாகக் குறைக்கும் என்பதால், எல்லாவற்றுக்கும் ஒரே முடிவை எடுக்காதீர்கள்.

திரையில் சொல் கண்முன்னே இருக்கிறது. அதையே தேடினால் இல்லை என்கிறது!

தமிழ்த் தரவுக்கே உரிய தொல்லை இது. `கொடி` என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம்; எகரக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இண்டெக்ஸுக்கு அவை இரு வேறு சொற்கள். ஓகார, ஔகாரக் குறிகளுக்கும் இதே கதைதான். டேக் பெயர்களிலும் இது நிகழலாம் என்பதால் `கோப்பு` என்று பெயரிட்ட உறுப்பே காணாமல் போவதும் உண்டு.

தீர்வு, 'நார்மலைஸ்-யூனிகோட்' சார்பைக் கொண்டு அனைத்தையும் என்எஃப்சி என்னும் ஒரே சீரான யூனிகோட் வடிவுக்குக் கொண்டுவருவது. அதை வினவலில் தரவின் மீது போர்த்தினால் முன்பு சொன்னபடி இண்டெக்ஸ் கைவிட்டுப் போகும். ஆகவே ஏற்றும் முன்பே தரவைச் சீராக்கி, தேடும் நேரத்தில் தேடுசொல்லை மட்டும் சீராக்குங்கள். இந்தச் சார்பு எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது. `ஔவையார்` என்பதை ஒகரமும் ளகரமுமாகத் தட்டியிருந்தால் அது எழுத்துப்பிழைதான், யூனிகோட் அதைத் திருத்தாது. கண்ணுக்குத் தெரியாத பூச்சிய அகல இணைப்பான்களும் அப்படியே தங்கிவிடும்; அவற்றைத் தனியாக நீக்க வேண்டும்.

அகரவரிசை தப்பாக வருகிறது. மறதி முன்னால், மலர் பின்னால்.

எதுவும் சொல்லாவிட்டால் யூனிகோட் எண்களின் வரிசையிலேயே அடுக்கப்படும். அந்த அட்டவணையில் றகரம் ரகரத்தை ஒட்டியும் னகரம் நகரத்தை ஒட்டியும் அமர்ந்திருக்கின்றன. நம் நெடுங்கணக்கிலோ இரண்டும் கடைசியில். யூனிகோடின் வரிசைப்படுத்தும் விதியான யூசிஏ ஒப்பீட்டு முறையைத் தமிழ் மொழிக் குறியோடு சுட்டினால் முறையான வரிசை கிடைக்கும். அதற்கு ஐசியூ என்னும் யூனிகோட் நிரல் நூலகத்தின் ஜார் கோப்பைப் பேஸ்எக்ஸின் பாதையில் சேர்த்திருக்க வேண்டும். இதை வரிசைப்படுத்தும் கூற்றில் மட்டும் குறிப்பிடுங்கள். வினவல் முழுமைக்குமான இயல்பு ஒப்பீட்டு முறையாக அறிவித்துவிட்டால் சமம் பார்க்கும் இடங்களிலும் அதுவே செயல்பட்டு, இண்டெக்ஸ் பயன்பாடு நின்றுவிடும்.

முழுவுரைத் தேடல் தமிழுக்கு ஒத்துவருமா?

நம்புவதற்கு முன் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். 'எஃப்டி' தொகுதியின் 'டோக்கனைஸ்' சார்புக்குப் புள்ளியும் துணையெழுத்தும் நிறைந்த ஒரு தமிழ் வாக்கியத்தைக் கொடுத்து, அது எப்படிச் சொற்களாகப் பிரிக்கிறது என்று பாருங்கள். யூனிகோட் கணக்கில் புள்ளியும் உயிர்க்குறிகளும் எழுத்துகள் அல்ல, சார்ந்து வரும் குறிகள். எழுத்து எது என்பதை மட்டும் பார்த்து வெட்டும் எந்தப் பிரிப்பானும் தமிழ்ச் சொல்லை நடுவில் துண்டாக்கும். சொற்கள் முழுதாக வந்தால் மேலே தொடரலாம். துண்டாகி வந்தால், பதிவு ஒவ்வொன்றிலும் உள்ள சொற்களை நீங்களே பிரித்து ஒரு பண்புக்கூறில் இட்டு, டோக்கன் இண்டெக்ஸ் மூலம் தேடும் வழி இருக்கிறது. நான் இரண்டாவது வழியைத்தான் விரும்புகிறேன். எந்தச் சொல் எப்படி வெட்டப்பட்டது என்பது என் கையில் இருக்கும்.

வேற்றுமை உருபு ஏறியதும் `மரம்` என்பது `மரத்தை`, `மரங்களின்` என்று திரிவதால் முன்னொட்டைக் கொண்டு `மர.*` என்று தேடத் தோன்றும். வைல்ட்கார்ட் வசதியை இயக்கினால் அது நடக்கும், ஆனால் மரபும் மரணமும் கூடவே வரும். `மரம்`, `மரத்.*`, `மரங்.*` என்று மூன்றாகக் கொடுப்பது பரவாயில்லை. இன்னொன்று: இண்டெக்ஸை எந்த மொழி, எந்தக் குறியடையாளத் தெரிவுகளோடு உருவாக்கினீர்களோ அதே தெரிவுகள் வினவலிலும் இருந்தால்தான் இண்டெக்ஸ் பயன்படும்.

ஒருவர் திருத்தும்போது மற்றவர்களின் தேடல் எல்லாம் நின்றுபோகிறது.

ஒரு தரவுத்தளத்தை ஒரே நேரத்தில் பலர் படிக்கலாம். எழுதுபவர் ஒருவர் வந்தால் அவர் முடிக்கும்வரை அந்தத் தரவுத்தளம் பூட்டப்படும். பிரச்சினை, பூட்டு தேவைக்கு மேல் விரிவது. எந்தத் தரவுத்தளம் என்பது வினவலிலிருந்து முன்கூட்டியே தெரியாவிட்டால், இயந்திரம் எச்சரிக்கையாக எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டும். பெயரை நேராக எழுதுங்கள் என்று இண்டெக்ஸுக்காகச் சொன்ன அறிவுரை இங்கேயும் பொருந்துகிறது. நீளமான திருத்தத்தைச் சிறு வினவல்களாகப் பிரித்தால் இடைவெளிகளில் மற்றவர்கள் நுழைய முடியும். 'டைம்அவுட்' இயல்பாக 30 வினாடி. பொதுமக்கள் பயன்படுத்தும் தேடலுக்கு அதை உயர்த்துவதைவிடக் குறைப்பதே சரி.

பயனர் தட்டும் சொல்லை வினவலோடு ஒட்டி அனுப்புகிறோம். சரிதானே?

சரியன்று. ஒற்றை மேற்கோள்குறி ஒன்றைத் தட்டினாலே வினவல் உடையும். தெரிந்தவர் கையில் அது உங்கள் தரவை அழிக்கும் கருவியாகும். வெளியிலிருந்து வரும் மாறி என்று வினவலில் அறிவித்து, மதிப்பைத் தனியாகப் பிணையுங்கள். மதிப்பு தொகுப்புக்கு முன்பே பிணைக்கப்படுவதால் இண்டெக்ஸ் பயன்பாடு குறையாது. பிணைக்கும்போது வகையை எழுத்துத்தொடர் என்று குறிப்பிடுங்கள். எண்ணாகப் பிணைத்தால் 1968இன் கதை மறுபடி தொடங்கும்.

நாங்கள் எக்ஸிஸ்ட் என்னும் வேறோர் எக்ஸ்எம்எல் தரவுத்தளத்தை வைத்திருக்கிறோம். இவையெல்லாம் அதற்கும் பொருந்துமா?

கோட்பாடுகள் பொருந்தும், கைப்பழக்கம் பொருந்தாது. எக்ஸிஸ்டில் எந்த உறுப்புக்கு எந்த இண்டெக்ஸ் என்பதை ஒவ்வோர் ஆவணத் தொகுப்புக்கும் ஓர் அமைப்புக் கோப்பில் நீங்களே எழுத வேண்டும். வரம்பு இண்டெக்ஸும் முழுவுரை இண்டெக்ஸும் லூசீன் என்னும் தேடல் நிரல் நூலகத்தின் மேல் கட்டப்பட்டவை. மதிப்பின் வகையையும் அங்கே அறிவிக்கலாம் என்பதால் ஆண்டை எண்ணாகவே இண்டெக்ஸ் செய்ய முடியும். அமைப்பை எழுதிச் சேமித்துவிட்டு, ஏற்கெனவே இருக்கும் தரவுக்கு ரீஇண்டெக்ஸ் ஓட்ட மறந்துவிட்டு, "இண்டெக்ஸ் வேலை செய்யவில்லை" என்று சொல்பவர்கள்தாம் அங்கே அதிகம்.

சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே வரைகலை இடைமுகத்திலும் திறந்து திருத்தலாமா? தரவுக் கோப்புறையை நகலெடுத்தால் பேக்கப் ஆகிவிடுமா?

இரண்டுக்கும் விடை ஒன்றே: வேண்டாம். சர்வர் ஒரு ஜாவா செயல்முறை, வரைகலை இடைமுகம் இன்னொன்று. மேலே சொன்ன பூட்டு ஒரே செயல்முறைக்குள் உள்ளவர்களை ஒழுங்குபடுத்துவதற்கானது. இரு செயல்முறைகள் ஒரே தரவுத்தளத்தை எழுதத் தொடங்கினால் கோப்புகள் சிதையக்கூடும். சர்வர் ஓடும்போது 1984ஆம் போர்ட் வழியாகக் கிளையண்டைக் கொண்டோ, இணைய வழியில் எச்டிடிபி போர்ட்டிலோ (10ஆம் பதிப்பு முதல் 8080, அதற்கு முன் 8984) இணைந்து திருத்துங்கள்.

கோப்புறையை நகலெடுக்கும்போது நடுவில் யாராவது எழுதிவிட்டால் பாதிப் பழையதும் பாதிப் புதியதுமான ஒரு பிரதி கிடைக்கும். 'கிரியேட் பேக்கப்' கட்டளை, எழுதுபவர்களை நிறுத்தி வைத்து, தேதியும் நேரமும் பெயரில் கொண்ட ஒரு ஜிப் கோப்பை உருவாக்கித் தரும். 'ரிஸ்டோர்' அதைத் திரும்ப விரிக்கும். அந்த ஜிப் கோப்பும் தரவுக் கோப்புறையிலேயேதான் விழும் என்பதால், அதை வேறு வட்டுக்கு நகர்த்தும் வேலையை உங்கள் இரவுநேர ஸ்கிரிப்டில் ஆப்டிமைஸுக்கு அடுத்த வரியாகச் சேர்த்துவிடுங்கள்.